பெற்றவள் கையெழுத்து

கலும்பாங்,
14.3.1982

அன்புள்ள அக்கா லீலாவதிக்கும் மாமாவுக்கும்,

தங்கை தங்கமணி கைகூப்பி எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். அந்தப் பொய்யை வருஷக்கணக்காக எழுதிக் கை சலித்துவிட்டது.

பொங்கலுக்கு மாமா போட்ட கடிதம் போன வாரம்தான் கிடைத்தது. கிணற்றில் தண்ணீர் ஊறியதையும் கறவை மாடு வாங்கியதையும் எழுதியிருந்தார். சந்தோஷம். கடைசியில், கங்கா பெரியவளாகிவிட்டாளா, ஆனதும் எழுது, பட்டுப்பாவாடை எடுத்து அனுப்புகிறோம் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கி மூலையில் எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். கங்காவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. எட்டு வயசுப் பிள்ளையின் சட்டைதான் இன்னும் போடுகிறாள். வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறது. இந்த நோய் உள்ள பெண்பிள்ளைகள் லேசில் பெரியவளாவதில்லை, சிலர் ஆவதே இல்லை என்று டாக்டர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அன்னம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் இல்லையா?" என்று கேட்கிறாள். அவள் வாயை அடைக்க முடியாமல் நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன்.

நோய் என்ன என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்பே, பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம் என்று எழுதினேன். பதிலில், அங்கே மழை பெய்ததா என்று கேட்டிருந்தாய். தலசீமியா என்று பெயர். உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்துகொள்ளாது. யாரோ கொடுக்கிற ரத்தத்தில்தான் ஓடுகிறாள். நான்கு வாரம் தாண்டினால் உதடு வெளுத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலேயே உட்கார்ந்துவிடுவாள். ஏற்றுகிற ரத்தத்திலிருக்கும் இரும்பே உள்ளே தங்கி இதயத்தைக் கெடுக்குமாம். இருபது வயசுக்கு மேல் கணக்குப் போடவேண்டாம் என்று ஒரு டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

போன வருஷக் கடைசியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு ஆராய்ச்சி டாக்டர் ஒருவர் வந்தார். இந்த நோய்க்கு மூலம் ஜீன் என்று ஒன்றாம். தாய் ஒன்று, தகப்பன் ஒன்று என்று பிள்ளைக்குக் கொடுப்பது. கங்காவுக்கு இரண்டு பக்கமும் கெட்டதே வந்து சேர்ந்திருக்கிறது. அவள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்து, அதில் நல்ல ஜீனைச் சேர்த்து, திரும்ப உடம்புக்குள் விடுவாராம். அது ஊன்றிக்கொள்ள ஒரு தொடை எலும்பைக் கதிர் வைத்துச் சுட்டு இடம் பண்ணுவாராம். பலித்தால் உடம்பே ரத்தம் செய்யும். இதுவரை யாருக்கும் பலித்ததில்லை என்பதையும் அவரே சொன்னார். அவருடைய நாட்டில் மனிதர்களுக்குச் செய்து பார்க்கச் சட்டம் விடவில்லை. இங்கே கூடாது என்று சொல்லச் சட்டம் இல்லை. செய்யலாம் என்று சொல்லவும் இல்லை. அதனால் இங்கே வந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் ரவாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து பசியாறிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டு, "அவன் ஊர்ல கூடாதுன்னா நம்ம ஊர்ல மட்டும் எப்படி லா சரியாவும்? நம்ம புள்ள என்னா எலியா?" என்று கத்தினார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் ஊசி குத்தும்போது பிள்ளையின் கையை அழுத்திப் பிடித்துக்கொள்வது நான். நியாயம் பேசுகிறவர்கள் ஒரு நாள் வந்து அந்தக் கையைப் பிடிக்கட்டும் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.

கங்காவைச் சேர்க்கவேண்டும் என்றால் முதலில் தாய் தகப்பன் ரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள். இருவரும் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த டாக்டர் பேசுவதை எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது நவமணி மிஸ்ஸி, அங்கே வேலை செய்யும் தாதி. அவள் கதவைச் சாத்தினாள். பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரரு காதுக்குப் போவாது. உங்க ரத்தத்துல அந்தக் கோளாறு ஒரு பக்கம் இருக்கு. அவரு ரத்தம் சுத்தமா இருக்கு. ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் புள்ளைக்கு வரும். அப்பன் யாருன்னு டாக்டருக்கு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

விளங்குகிறதா அக்கா? உன் தங்கை சோரம் போனவள் என்று என் ரத்தத்தையே சாட்சி வைத்துச் சொன்னார்கள். அந்த டாக்டர் என்னை இரக்கத்தோடு வேறு பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் என்றும் வந்தது. வீட்டில் வந்து சொன்னேன். "பன்னெண்டு வருசம் கழிச்சு உனக்கு ஒரு கள்ளப் புருசன் கெடச்சிருக்கான்" என்று இவர் சிரித்தார். அன்று ராத்திரி அவரும் சாப்பிடவில்லை.

அடுத்த தடவை போனபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். கங்கா என் வயிற்றில் பிறக்கவில்லை, என் அக்கா பெற்றுக் கொடுத்தது என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெளி மனுஷரிடம் சொன்னேன். அப்போது கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. கோலசிலாங்கூர் தோட்டத்தில் பெர்மிட் இல்லை என்று உங்களை வேலையிலிருந்து நிறுத்திய நேரம் அது. ஊருக்குத் திரும்பக் கப்பலுக்கு நாள் பார்த்திருந்தீர்கள். "பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டுக் கப்பல்ல எப்படிப் போவேன், நீயே வளத்துக்க" என்று லயத்து வீட்டு வாசலில் என் கையில் கொடுத்தாய். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாரிடம் சொன்னதும், தாய் தங்கமணி, தகப்பன் சேது என்று எங்கள் பெயரையே பதிந்து பிறப்புப் பத்திரம் வாங்கிவந்தார். அப்படிக் கைமாறிய பிள்ளைகள் அந்தத் தோட்டத்தில் எத்தனையோ. தத்து எடுக்க என்று தனிப் பத்திரம் உண்டு, கோர்ட் உண்டு என்பதே எனக்கு இந்த மாதம்தான் தெரியும்.

நவமணி மிஸ்ஸி ஒரு தாளில் நம் குடும்பத்தைக் கட்டமும் வட்டமுமாகப் போட்டு வைத்திருந்தாள். எனக்கும் கங்காவுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. பென்சில் கோடு. ரப்பரால் அழித்தாள். அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு உன்னையும் மாமாவையும் போட்டு, நடுவில் இரண்டு கோடு இழுத்தாள். சொந்தத்தில் கட்டினவர்களுக்கு இரண்டு கோடாம். நம் அம்மாவின் தம்பியையே நீ கட்டினாய். அம்மா வழியாக வந்த கோளாறு உன்னிடமும் இருக்கிறது, மாமாவிடமும் இருக்கிறது, இரண்டும் கங்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றாள்.

இப்போது டாக்டருக்கு வேண்டியது, நீங்கள் இருவரும் திருச்சியில் ரத்தம் பரிசோதித்த சீட்டு, கூடவே பெற்றவர்கள் சம்மதம் என்று கையெழுத்து. தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். எது நடந்தாலும் வழக்குப் போடமாட்டோம் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறதாம். வளர்த்தவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஜூன் மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும்.

மாமா, இந்தக் கடிதத்தை அக்காவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். அக்கா, எனக்கு ஒன்று மட்டும் சொல். நோய்ப் பிள்ளை என்று தெரிந்துதான் கொடுத்தாயா? கங்காவுக்கு ஒரு வயசில் முதன்முதலாகக் கண்ணில் மஞ்சள் பூத்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் நெஞ்சில் கிடக்கிறது.

தபால்காரனை எதிர்பார்த்திருக்கும்,
தங்கமணி


கலும்பாங்,
27.6.1982

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். நீ சொன்னபடி பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் பெயருக்கு அனுப்புகிறேன். எழுத்துக்கூட்டியே படி, அவசரமில்லை.

மாமாவின் கடிதமும் உன்னுடையதும் ஒரே வாரத்தில் வந்தன. மாமாவுடையதை முதலில் சொல்கிறேன். கடவுள் எழுதினதைத் திருத்த இவன் யார், கையெழுத்துப் போடமாட்டேன், பிள்ளையை இங்கே அனுப்பு, நாட்டு மருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார். அக்கா மகளைக் கட்டிக்கொண்டதும் கடவுள் எழுதினதுதானா என்று அவரிடம் கேட்கவேண்டும் போல் இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிள்ளையை அனுப்பு என்கிறாரே, தபாலிலா அனுப்புவது? கடவுளைப் பற்றி நான் அவரைவிட அதிகமாக யோசித்திருக்கிறேன். ரத்தம் ஏற்றும் வார்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு வேலை ஏது?

உன் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோணல் கோணலாக நீயே எழுதிய முதல் கடிதம். அங்கே போனபிறகு உனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்ததும், ஒருவன் மூன்று வயசில், இன்னொருவன் அதுவும் முடியாமல், இருவரும் வெளுத்து வயிறு வீங்கிப் போனதும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எனக்கு எழுதவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார் என்கிறாய். என் கடிதங்களைப் படித்துக்காட்டும்போது ரத்தம் ஏற்றுகிற வரிகளை விட்டுவிட்டார் என்கிறாய். தங்கையிடம் இருப்பதாவது நன்றாக இருக்கிறது என்ற ஒரு நினைப்பில்தான் உயிரோடு இருந்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்படிக் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷமாக உன்னைத் திட்டியதற்கு மன்னித்துவிடு. முழுசாக மன்னிப்புக் கேட்கவும் மனசு வரவில்லை. நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் சின்னதிலேயே எங்கே போகவேண்டும் என்று தெரிந்துகொண்டிருப்பேன்.

சமயபுரம் போவதாகச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போய் ரத்தம் கொடுத்து வாங்கிய சீட்டும், வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்ட தாளும் வந்து சேர்ந்தன. மாமாவின் இடம் வெறுமையாக இருந்தாலும் தாயின் சம்மதம் போதும் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் தாய் என்று என் பெயர் இருக்கிறதே, அதைச் சரிக்கட்ட வேண்டும் என்றார்கள். போன செவ்வாய்க்கிழமை சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் முன்னால் போய் நின்று, கங்கா நான் பெற்ற பிள்ளை இல்லை, பத்திரத்தில் உள்ளது பொய் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை குத்தினார். வெளியே வந்து பஸ் போகிற சடக்கு ஓரத்தில் வாந்தி எடுத்தேன். இவர் முதுகைத் தடவிவிட்டார்.

கங்காவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. தாள்களை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். அவள் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் எழுத்து நன்றாகத் தெரியும். தாய் என்ற இடத்தில் உன் பெயரைப் படித்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, "எனக்குள்ள மலாய்க்காரங்க ரத்தம் இருக்கு, சீனவங்க ரத்தம் இருக்கு, நம்மவங்க ரத்தமும் இருக்கு. இதுல நான் யாரு புள்ளன்னு எப்படிம்மா கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவளே டாக்டரிடமும் ஒரு கேள்வி கேட்டாள். நவமணி மிஸ்ஸியைச் சொல்லச் சொன்னாள். இதைச் செய்தால் நாளைக்குத் தனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இந்த நோய் வராதா என்று. டாக்டர், உனக்கு மட்டும்தான், உன் வம்சத்துக்குப் போகிற மாதிரி மாற்ற எங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பிறக்காத பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்பது என்றார். கங்கா விடவில்லை. "என்கிட்ட மட்டும் யாரு கேட்டா? பெரியம்மாகிட்டக் கேட்டீங்க, அம்மாகிட்டக் கேட்டீங்க" என்றாள். அதன்பிறகுதான் ஒரு தாளை எடுத்து அவளையும் கையெழுத்துப் போடச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் வைத்திருந்தாள். பிறகு, "ஊசி கொறையும்னா போடுறேன்" என்று போட்டாள். இவர் அன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் பிள்ளை போட்டபிறகு எதிர்த்து நிற்கவில்லை.

செப்டம்பர் மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு விளக்கு வை. பெயரையாவது எழுதியிருக்கலாம். நான் அவர்களை எந்தப் பெயரைச் சொல்லி நினைத்துக்கொள்வேன்?

உன்
தங்கமணி


கலும்பாங்,
9.11.1982

அக்காவுக்கு,

தீபாவளிக்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். இங்கே பலகாரம் சுடவில்லை.

செப்டம்பரில் பெட்டி படுக்கையோடு போனோம். டாக்டரின் அறை பூட்டியிருந்தது. கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. யாரைக் கேட்டாலும் எங்களுக்குத் தெரியாது, அது அவருடைய சொந்த ஆராய்ச்சி, ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கடைசியில் நவமணி மிஸ்ஸிதான் மாடிப்படிக்குக் கீழே வந்து சொன்னாள். அவர் வேறொரு நாட்டில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறாராம். அவருடைய நாட்டுக் கமிட்டியிடம் அனுமதி வாங்கவில்லையாம். அது வெளியே வந்து, அவரைத் திரும்பக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் நோய் தீர்ந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அவரை நிறுத்தியது சரிதான் என்று இவர் சொல்கிறார். சரியாகவே இருக்கட்டும். எங்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டமாம். அப்படியென்றால் எங்களுக்கு ஒரு கடிதம் போட யாருக்கும் ஏன் தோன்றவில்லை? பஸ் ஏறி மூட்டையோடு வந்து பூட்டிய கதவைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்களே. வீட்டுக்கு வந்ததும் கங்கா, ஆஸ்பத்திரிக்கென்று புதுசாகத் தைத்த நைட்டியை மடித்து வைத்தாள்.

இதோடு போயிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் பயந்துபோய், அந்த அறையில் இருந்த ஃபைல்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் பொய் என்று நான் செய்த சத்தியம் அவர்கள் கையில் கிடைத்தது. விதிப்படி பதிவு ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வயசில் எடுக்கவேண்டிய ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கங்காவுக்கு எடுக்கப் போனோம். அங்கே இருந்தவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றார். போன வாரம் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. டிசம்பர் ஆறாம் தேதி.

உலு யாமில் மனு எழுதிக் கொடுக்கும் மீரா முகைதீன் பாயிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டார். அக்கா பிள்ளைதான் என்று உண்மையைச் சொன்னால் பத்திரம் ரத்தாகும், பெற்றவர்கள் நாட்டை விட்டுப் போனவர்கள், பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை என்று அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள், எத்தனை வருஷம் இழுக்கும் என்று சொல்லமுடியாது என்றார். அதுவரை ஐ.சி. கிடையாது. ஐ.சி. இல்லாத பிள்ளைக்கு மாதாமாதம் யார் ரத்தம் கொடுப்பார்கள்? நாட்டை விட்டு அனுப்பிவிட்டால்? நீ இரண்டு பேரைப் பறிகொடுத்த ஊருக்கா நான் மூன்றாவதை அனுப்புவேன்?

பாய் இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரு வழி இருக்கு தங்கச்சி. சொல்ல எனக்கே வாய் கூசுது. கல்யாணம் ஆன பொம்பளைக்குப் புள்ள பொறந்தா புருசன்தான் அப்பன். அவரு என் புள்ளதான்னு நின்னா, சட்டம் ரத்தத்தத் தோண்டிப் பாக்காது. பெத்தது நீதான்னு மட்டும் நிக்கணும்."

அந்த வழி என்ன என்று உனக்கு விளங்கியிருக்கும். நான் போய்ச் சொல்லப்போவது இதுதான். கங்கா என் வயிற்றில் பிறந்தவள். தகப்பன் என் புருஷன் இல்லை. அந்த வெட்கத்தை மறைக்க, அக்கா பிள்ளை என்று பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன். டாக்டர் முதலில் எழுதி வைத்த குறிப்பும் அதே ஃபைலில் இருக்கிறது. அது எனக்குச் சாட்சி. என்னை அவமானப்படுத்திய அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் கங்காவுக்கு அம்மாவாக இருக்கமுடியும். பொய்ச் சத்தியத்துக்கு அபராதம் போடுவார்கள். போடட்டும். உள்ளே தள்ளினாலும் இவர் இருக்கிறார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். "ஊரு சிரிச்சா சிரிக்கட்டும் லா. நான் பக்கத்துல நிக்கிறேன். அவங்க கேட்டா ஆமான்னு தலயாட்டுறேன். புள்ள இருந்தாப் போதும்" என்றார். இதுவரை இந்த மனுஷரை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். அன்னம்மாவின் வீட்டுக்காரர் அந்தப் பதிவு ஆபீஸில்தான் தோட்ட வேலை செய்கிறார். ஒரு மாதத்துக்குள் கலும்பாங் முழுக்கப் பேசும். தொழிற்சாலையிலும் இவரைச் சும்மா விடமாட்டார்கள். கங்காவின் காதிலும் விழும். அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். "சரிம்மா, யாராச்சும் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன்" என்றாள். பன்னிரண்டு வயசுக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. கங்கா உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். பள்ளிக்கூட நோட்டில் மூன்று பக்கம். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் படித்தேன். முதல் வரியில் உன்னை அம்மா என்று கூப்பிட்டிருந்தாள். அடுப்பில் போட்டுவிட்டேன். அந்தக் கடிதம் விசாரணைக்காரர்கள் கையில் கிடைத்தால் வழக்கு கெட்டுவிடும் என்று அவளிடம் சொன்னேன். அது மட்டும்தான் காரணம் என்றால் இத்தனை நாளில் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இப்போது நான் உன்னிடம் கேட்பதைக் கேள். இங்கிருந்து கேட்டு எழுதினால் உன் வீட்டுக்கு யாராவது வருவார்கள். தாசில்தார் ஆளோ, போலீஸோ. உன் வயிற்றில் பெண்பிள்ளையே பிறக்கவில்லை என்று சொல். கையெழுத்தைக் காட்டினால், தங்கை வைத்தியத்துக்கு வேண்டும் என்று கெஞ்சினாள், இங்கிலீஷ் தாள், என்னவென்று தெரியாமல் போட்டேன் என்று சொல். ரத்தச் சீட்டைக் காட்டினால், கூடப்பிறந்தவர்களுக்கு ஒரே கோளாறு இருக்காதா என்று கேள். மாமாவிடமும் சொல்லிவை. பிள்ளையை அனுப்பு என்று எழுதிய மனுஷர், வாய் தவறி என் மகள் என்று சொல்லிவிடப் போகிறார். மார்ச் மாதம் பெற்றவள் என்று சொல்லக் கெஞ்சினேன். இப்போது பெறாதவள் என்று சொல்லக் கெஞ்சுகிறேன். எந்தச் சாமி பெயரில் சத்தியம் கேட்டாலும் செய். அதில் வருகிற பாவம் எனக்கு வரட்டும்.

என் கடிதங்கள் எல்லாவற்றையும் கொளுத்திவிடு. இனிமேல் கங்காவுக்கு எதுவும் அனுப்பவேண்டாம், பாவாடையும் வேண்டாம். அவள் உயிரோடு இருக்கும் வரைக்கும் நீ அவளுக்குப் பெரியம்மா. நீயும் மாமாவும் நல்லபடியாக இருங்கள். என்றைக்காவது ஒரு நாள் இங்கிருந்து உனக்குத் தந்தி வரும். அன்றைக்கு மகளே என்று வாய்விட்டு அழுதுகொள் அக்கா. அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

கங்காவின் அம்மா,
தங்கமணி